பூப்போட்டுப் பார்த்து யுத்தத்துக்குப் போனேன்

அம்மன் காலடியில், குங்குமம் சிந்திய கல்லின் மேல், ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு வெற்றிலைப் பொட்டலங்கள். அவற்றுக்கு முன்னால் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த பொன்னி என்கிற ஐந்து வயதுப் பெண், ஒரு விரலை வாயில் வைத்துக்கொண்டு, எதை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே சரியான மழை. தகரக் கூரை மேல் விழுந்த மழைச் சத்தத்தில் பூசாரி ஆட்டிய மணியே காதில் விழவில்லை. எனக்கு மட்டும் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் பஸ்ரா யுத்தத்துக்குப் போக வேண்டுமா, இங்கே மலாய் நாட்டில் பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்து கிள்ளான் ரயிலுக்குக் கரி தள்ள வேண்டுமா என்பதை அந்தக் குழந்தை எடுக்கப்போகும் பொட்டலம் சொல்லிவிடும். வேறு யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்கும் பூசாரிக்கும் தெரியும். அதை அப்புறம் சொல்கிறேன்.

போன வாரம் இந்தப் பகுதியில் லாக்கோ ஷெட்டை, அதாவது எங்கள் ரயில் இஞ்சின் கொட்டகையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு காப்பார் என்ற ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "உங்களை ஏன் எல்லாரும் பஸ்ரா மாணிக்கம் என்கிறார்கள்? நீங்கள் பெரிய வீரராமே?" கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சுலபம். இரண்டாம் பாதியை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. பதினேழு பதினெட்டு வருஷமாக அந்தப் பட்டத்தை மறுக்காமல் சுமந்துகொண்டு திரிகிறேன். இந்த வாரம் இறக்கி வைத்துவிடலாம் என்று உத்தேசம்.

எல்லாரும் நம்ம பக்கம்

ஐரோப்பாவில் பதினாலாம் வருஷத்து யுத்தம் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எங்களுக்கு அது முதலில் அரிசி விலையாகத்தான் வந்து சேர்ந்தது. பிறகு கோப்பிக் கடைப் பேச்சாக வந்தது. ஷெட் வாசலில் இருந்த கடையில் வேலைக்குப் போகும்முன் பசியாற உட்கார்ந்தால், பத்திரிகை படிக்கத் தெரிந்த ஒருவர் படிப்பார், தெரியாத பத்துப் பேர் அவருக்கு விளக்கம் சொல்வார்கள்.

"இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், ருஷியாக்காரன், ஜப்பான்காரன், எல்லாம் ஒரே கட்சியாம்."

"அதெப்படி? முந்தின சண்டையில ஜப்பான்காரனும் ருஷியாக்காரனும்தானே அடிச்சுக்கிட்டாங்க?"

"அப்ப அடிச்சுக்கிட்டாங்க, இப்பச் சம்பந்தியாயிட்டாங்க. உங்க வீட்டுல நடக்கலியா?"

இந்த மாதிரிச் சம்பந்திகள் பலர் சேர்ந்து நடத்திய கல்யாணத்தில் எங்கள் நாடும் மொய் வைக்க வேண்டியிருந்தது. மலாய் நாட்டுச் சுல்தான்கள் ஒரு போர்க்கப்பலையே கட்டிக்கொடுத்தார்கள். ரப்பர் போயிற்று, ஈயம் போயிற்று. இனி ஆளும் அனுப்ப வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாயிற்று.

அரபு தேசத்துப் பஸ்ராப் பக்கம் துருக்கியரோடு சண்டை. அங்கே இருந்த பட்டாளத்துக்குச் சாப்பாடும் குண்டும் கொண்டுபோக ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தின் அகலம் எங்கள் ஊர் ரயிலின் அகலமேதான். ஆகவே எங்கள் ஷெட்டிலிருந்து இஞ்சின் ஓட்டவும் கரி தள்ளவும் ஆறு பேர் வேண்டும் என்றார்கள்.

கையைத் தூக்கியது எப்படி

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் எல்லாரையும் இஞ்சின் கழுவுகிற இடத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். துரை ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார். மன்னர், கடமை, நேச நாடுகள் என்று என்னவோ வந்தது. பக்கத்தில் எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, கிராணி தம்பையா, யாழ்ப்பாணத்துக்காரர், கையில் தாளும் காதில் பென்சிலுமாக நின்று தமிழில் சொன்னார். நாங்கள் அவருக்குத் துரையைவிட அதிகமாகப் பயப்படுவோம்.

"துரை சொன்னது விளங்கினதே? ஆறு பேர் வேணுமாம். கட்டாயம் இல்லை. பயம் உள்ள ஆக்கள் பேசாமல் வேலைக்குப் போகலாம்."

எல்லாரும் அவரவர் காலைப் பார்த்தோம். தம்பையா வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"புதுசாக் கலியாணம் கட்டின ஆக்கள் மனிசியிட்டக் கேட்டுப்போட்டு வந்து சொல்லலாம்."

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம்.

இந்த இடத்தில் என் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னை அடித்தால் தாங்கிக்கொள்வேன், சம்பளத்தைப் பிடித்தாலும் பொறுத்துக்கொள்வேன். சிரித்தால் மட்டும் புத்தி வேலை செய்யாது. சிறு வயதில் இப்படித்தான் யாரோ சிரித்தார்கள் என்று கோம்பாக் ஆற்று வெள்ளத்தில் குதித்தேன், நீச்சல் தெரியாமல். ஒரு மலாய்க்காரர் சரோங்கை வீசி இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் திருந்தவில்லை.

என் கை தானாக மேலே போயிற்று.

தம்பையாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மாணிக்கம், விளங்கித்தானே கையைத் தூக்கினீர்?"

"விளங்கித்தான் தூக்கினேன்."

"சரி, எழுதுறன். மனம் மாறினால் சனிக்கிழமை காலமைக்குள்ள வந்து சொல்லும். அதுக்குப் பேந்து வந்தால் பேரை அடிச்சுவிடேலாது."

எனக்கு அடுத்த நிமிஷமே மனம் மாறிவிட்டது. ஆனால் அதை எப்படிப் போய்ச் சொல்வது? வரிசை முழுவதும் இப்போது என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையை இங்கே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். சாவதற்கும் பயம், அதைவிட என் மனைவி பாக்கியத்தை விட்டுவிட்டுப் போவதற்குப் பயம். நாலு மாதத்தில் அவளிடம் நான் எத்தனையோ பேசியிருந்தேன், எனக்கு அவளை எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தவிர.

இரண்டு நாள் மௌனம்

பாக்கியம் காப்பார் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, பிறந்து வளர்ந்தவள். அப்போது பத்தொன்பது வயது. நான் சொன்னதும் அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள், அதையே சாக்காக வைத்துப் பேரை அடித்துவிடலாம் என்று எதிர்பார்த்து வீட்டுக்குப் போனேன். அவள் கேட்டுக்கொண்டாள். "அப்படியா" என்றாள். பிறகு மீனைக் கழுவப் போய்விட்டாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அந்தப் பேச்சே இல்லை. சோறு குழைந்தது, ரசத்தில் உப்பில்லை. நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் ஆட்கள் பெரிய காரியம் எதையும் அம்மனிடம் பூப்போட்டுப் பார்க்காமல் செய்ய மாட்டார்கள். இரண்டு வெற்றிலையில் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று பூவை மறைத்துக் கட்டி வைத்து, குழந்தையை எடுக்கச் சொல்வோம். வந்த நிறத்தைப் பார்த்துக் காரியம். அம்மன் உத்தரவு கொடுக்கவில்லை என்றால் தம்பையாகூட வாயைத் திறக்க மாட்டார். சிரிக்கவும் யாருக்கும் தைரியம் வராது.

"அம்மனைக் கேட்டுடலாமா, பாக்கியம்?" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "கேளுங்க. அவ என்ன சொல்றாளோ அதுதான். நானும் அதுக்கு மேல பேச மாட்டேன்."

பூசாரிக்கு ஒரு சேவல்

பாதி உத்தரவாதம் எனக்குப் போதவில்லை. சிவப்பும் வெள்ளையும் ஒன்று ஒன்று என்றால் எதுவும் வரலாமே. அம்மனை நம்பினேன், ஆனால் ஒரு கைப்பிடி பிடித்துக்கொண்டு நம்பலாம் என்று தோன்றியது.

எங்கள் பூசாரி சடையன் பகலில் பாயிண்ட்ஸ்மேன். ரயிலை இந்தத் தண்டவாளத்திலிருந்து அந்தத் தண்டவாளத்துக்குத் திருப்பிவிடுகிற வேலை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் குடிசைக்கு ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணே, இன்னிக்குப் பொட்டலம் ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுடுங்க."

"அம்மாகிட்ட விளையாடாதடா."

"விளையாட்டு இல்லண்ணே. என் வாழ்க்கை."

அவர் என்னைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார். சேவலை ரொம்ப நேரம் பார்த்தார். "என்னமோ, உன் பாவம் உன்னோட" என்று வாங்கிக்கொண்டார்.

என் அப்பா அம்மா நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். எங்கள் வீட்டு வழக்கத்தில் சிவப்பு அம்மனுக்கு உகந்த நிறம். சிவப்பு வந்தால் செய், வெள்ளை வந்தால் வேண்டாம். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். சிவப்பைக் கண்டால் வண்டியை நிறுத்துகிற உத்தியோகத்தில் இருந்துகொண்டு, எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை பாருங்கள்.

மழையில் வந்த உத்தரவு

ஆக, மழை, கூரைச் சத்தம், பொன்னி. கோயில் நிறைய ஆட்கள். வேலை முடிந்து கரி முகத்தோடு பாதி ஷெட்டே வந்திருந்தது. தம்பையாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் கவலையான முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் நிம்மதியாக நின்றேன். எதை எடுத்தாலும் வெள்ளை.

பூசாரி, "வேண்டிக்கிறவங்க வாய்விட்டு வேண்டிக்கலாம்" என்றார். நான் முன்னால் போவதற்குள் பாக்கியம் போய்விட்டாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கையைக் கூப்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"தாயே, என் வீட்டுக்காரரு கடல் தாண்டிப் போகலாம்னா வெள்ளையக் குடு. போகக் கூடாதுன்னா செவப்பக் குடு."

என் கணக்கு தலைகீழாகிப் போயிற்று. பாக்கியத்தின் அப்பா அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். அந்தப் பக்கத்தில் வெள்ளைதான் சம்மதம். நாலு மாதம் ஒரே தட்டில் சாப்பிட்ட எனக்கு அது தெரியாது.

பூசாரியைப் பார்த்தேன். கண்ணைக் காட்டினேன், இருமினேன். அவர் என்னைப் பார்த்து, "பயப்படாதே, சொன்னபடி செய்திருக்கிறேன்" என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார். பொன்னி வாயிலிருந்து விரலை எடுத்தாள். இந்தப் பக்கம் கையை நீட்டினாள், மாற்றி அந்தப் பக்கம் நீட்டினாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பஸ்ராதான்.

பூசாரி வெற்றிலையைப் பிரித்தார். வெள்ளை அரளி.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ என் கழுத்தில் மாலையைப் போட்டார். தம்பையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதல் தடவையாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் அண்டைக்குச் சொன்னதை மனசில வைக்காதேயும், தம்பி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அம்மனையே ஏமாற்றப் பார்த்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதைவிடத் துருக்கியரைப் பார்ப்பது மேல் என்று தோன்றியது.

மறுநாள் தண்டவாள ஓரத்தில் பூசாரியைப் பிடித்தேன். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நான் என்னடா பண்ணேன்? வெள்ளைன்னு சொன்னே, வெள்ளை வெச்சேன். உன் பொண்டாட்டி வேண்டினதக் கேட்டு, நீ போறதுக்குத் துடிக்கிறேன்னு நெனச்சேன்."

சேவலைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. அவர் குடிசையிலிருந்து குழம்பு வாசனை அங்கேயே வந்துகொண்டிருந்தது.

கரியும் பேரீச்சம்பழமும்

பயணத்துக்கு வேண்டியதை வாங்க மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல் பக்கம் ஜவுளிக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் கம்பளி ஒன்றை எடுத்துப் போட்டு, "அங்க குளிர்காலத்துல பல்லு ஆடும்" என்றார். யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொட்டலத்தைக் கட்டிக் கொடுக்கும்போது மட்டும், "அங்க இருக்கிறவங்களும் மனுசங்கதான். பாத்துப் பதனமாப் போயிட்டு வாங்க" என்றார். கம்பளியைவிட அந்தச் சொல் எனக்கு அதிக நாள் உதவியது.

நான் தினமும் கரி தள்ளிய கிள்ளான் ரயிலில் அன்றுதான் முதல் தடவையாகப் பயணியாக உட்கார்ந்தேன். கிள்ளானில் மாமனார் காப்பாரிலிருந்து மாட்டு வண்டியில் வந்து காத்திருந்து ஒரு தகர டின் நிறைய முறுக்கு கொடுத்தார். துறைமுகம் வரை பாக்கியம் வந்தாள். அழவில்லை. "உடம்பப் பாத்துக்குங்க" என்றாள். என்னைச் சரியாக முகம் பார்க்கவும் இல்லை. இந்தப் பெண்ணுக்குத்தான் எவ்வளவு நெஞ்சுறுதி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பஸ்ராவில் இருந்தது ஒன்றேகால் வருஷம். வெயில் காலத்தில் இஞ்சினுக்குள் இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் வித்தியாசம் கிடையாது. மழை பெய்தால் சேற்றில் காலணி தங்கிவிடும், கால் மட்டும் வரும். பஞ்சாபி சிப்பாய்கள் எங்களுக்கு ரொட்டி தட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நாங்கள் அவர்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்து நட்பைக் கெடுத்துக்கொண்டோம். பேரீச்சம்பழம் தின்று தின்று இன்றைக்கும் அதைக் கண்டால் எழுந்து போய்விடுவேன்.

சிரிக்க முடியாததும் உண்டு. போகும்போது வண்டியில் குண்டும் மாவும் இருக்கும், வரும்போது காயம்பட்டவர்கள் இருப்பார்கள். தண்டவாளம் குலுங்கினால் பின்னால் முனகல் கேட்கும் என்று டிரைவர் வண்டியை நடைவேகத்தில் ஓட்டுவார். எங்கள் ஆறு பேரில் ஒருவரைக் காலரா கொண்டுபோய்விட்டது. அவருக்கு பிரிக்பீல்ட்ஸில் நாலு குழந்தைகள்.

ஆறு மாதம் கழித்து பாக்கியத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது, அவள் கையெழுத்திலேயே. எழுத்துத் தெரியாமல் இருந்தவள் தம்பையாவின் மனைவியிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். "சுகம். மழை. கோழி ஆறு குஞ்சு. நீங்கள் சுகமா." அவ்வளவுதான். இஞ்சின் வெளிச்சத்தில் அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்தபோது எனக்குப் பட்டம் தயாராக இருந்தது. அம்மன் உத்தரவோடு போய் உயிரோடு வந்தவன் என்று எல்லாக் கல்யாணத்திலும் எனக்கு முதல் பந்தி.

எழுதி முடித்த பிறகு

இதுவரை எழுதியதைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். என் பகுதிகளை அவள் படித்து எழுத்துப் பிழை திருத்திய பிறகுதான் தபாலில் போடுவது வழக்கம். இந்தத் தடவை கொடுக்க மூன்று நாள் யோசித்தேன். கணவன் கோழை என்று ஊரோடு சேர்ந்து பத்திரிகையில் தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் கொடுத்தேன். கேலி செய்வாள் என்று தயாராக இருந்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். கடைசித் தாளுக்கு வந்து, மறுபடியும் முதல் தாளிலிருந்து படித்தாள். பென்சிலைத் தொடவில்லை.

"இது நெசமா?"

"நெசம்தான்."

"ரெண்டுலயும் வெள்ளை வெக்கச் சொன்னது, போகாம இருக்கவா?"

"ஆமா."

அவள் தாள்களை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாரும் உங்களுக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்தப்ப, நான் அடுத்த பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் வெள்ளை."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவளே விளக்கினாள்.

"வெள்ளைன்னா போகலாம்னுதான் எனக்குத் தெரியும். அம்மனையே ஏமாத்திட்டுப் போற அளவுக்கு இந்த மனுசனுக்கு ஆசைன்னா, நான் யாரு தடுக்கன்னு நெனச்சேன். நாலு மாசத்துல என்னைப் பிடிக்காமப் போச்சு போலன்னு நெனச்சேன். கப்பலடியில உங்க முகத்தப் பாக்கவே எனக்கு முடியல."

"ஏன் பாக்கியம் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

வெயில், சேறு, காலரா எல்லாவற்றையும் நான் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அத்தனை வருஷமும் இந்த வீட்டில் ஒருத்தி, புருஷன் தன்னை விட்டு ஓடினவன் என்று நினைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாள். வாராவாரம் என் தாள்களையும் திருத்திக் கொடுத்திருக்கிறாள். அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா, நானே கிராணி வீட்டு வாசல்ல போய் உக்காந்து உங்க பேர அடிக்க வெச்சிருப்பேனே."

செய்திருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அப்ப இதப் பத்திரிகைக்கு அனுப்ப வேணாமா?" என்றேன்.

"அனுப்புங்க. ஒரு எழுத்துக்கூட மாத்தக் கூடாது." தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் தாளை விடவில்லை. "ஆனா அதுக்கு முன்னாடி வாயால ஒரு தடவ சொல்லுங்க."

"எத?"

"போகப் பிடிக்கலன்னு."

சொன்னேன். உன்னை விட்டுட்டுப் போகப் பிடிக்கல பாக்கியம் என்று, முழுசாகச் சொன்னேன். நரை எட்டிப் பார்க்கிற தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள்.